சுமையும் சிறகும்

1923ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள், ஜொகூர் நீரிணையின் குறுக்கே கட்டப்பெற்ற கடற்பாலத்தின் மேல் முதன்முதலாகத் தொடர்வண்டி ஓடிற்று. அது சரக்கு வண்டி. பயணிகள் ஏறிய வண்டி ஓடியது இரு கிழமைகளுக்குப் பின்னர், அக்டோபர் முதல் நாளில். அரசினர் விழா எடுத்துப் பாலத்தை முறைப்படி திறந்ததோ 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாளில். அதற்கு முன்னர்ச் சரக்குப் பெட்டிகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்து வந்தனர். மலாயாவின் இரப்பரும் ஈயமும் பெருகப் பெருகப் படகுகள் தாங்கவில்லை. பாலம் பிறந்ததற்கு அதுவே காரணம். மனிதனுக்கு முன்னே அவனுடைய பண்டம் அப்பாலத்தைக் கடந்து சென்றதில் வியப்பில்லை.

பாலத்துக்கு மேலே வானத்திலும் ஒரு சரக்குச் சாலை உண்டு. ஜொகூர் பாருவில் வாழ்வோர் சாங்கியில் ஏறி இறங்கும் விமானங்களை நாள்தோறும் காண்கின்றனர். அவற்றுள் சில, பக்கவாட்டில் சாளர வரிசை இல்லாதவை. உள்ளே இருக்கைகள் இல்லை, பயணிகளும் இல்லை. தரையில் உருளைகள் பதித்த நீண்ட கூடம் ஒன்றும், அதில் வரிசையாகப் பூட்டப்பெற்ற சுமைத் தட்டுகளுமே இருக்கும். பள்ளி மாணவன் ஒருவன் பயணி விமானத்தின் பெயரை எளிதில் சொல்லிவிடுவான். சாளரமற்ற இவ்விமானங்களைப் பற்றி அவனுக்குச் சொல்வார் குறைவு. ஆயினும் ஜொகூரின் தொழிற்சாலைகளில் உருவாகும் மின்னணுப் பொருள்களும், பண்ணைகளில் வளரும் அலங்கார மீன்களும் உலகச் சந்தைக்குச் செல்லும் வழிகளுள் இதுவும் ஒன்று.

பயணி விமானம் பழையதாயின் பயணி முகம் சுளிப்பான். இருக்கை கிழிந்திருந்தால் அடுத்த முறை வேறு நிறுவனத்தை நாடுவான். சரக்கு அவ்வாறு முணுமுணுப்பதில்லை. ஆகவே சரக்கு விமானங்கள் ஏனையவற்றைவிட நெடுங்காலம் உழைக்கின்றன. பயணிகளை ஏற்றி இருபது ஆண்டு பறந்து ஓய்ந்த விமானத்தின் இடப்பக்கச் சுவரை வெட்டி, அகன்ற கதவு பொருத்தி, தரையை வலுப்படுத்திச் சரக்கு ஏற்றுவது உலகெங்கும் வழக்கம். இவ்வாறு முதுமையிலும் உழைக்கும் விமானத்தை எப்போது ஓய்வு கொடுத்து அனுப்புவது, அதன் இடத்தில் எதனை அமர்த்துவது என்னும் கேள்வி ஒவ்வொரு நிறுவனத்தையும் ஒருநாள் வந்து சூழும். இந்நீரிணையின் இரு கரையிலும் அக்கேள்விக்கு வந்த விடைகள் வெவ்வேறு. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரு நிறுவனங்கள் வெவ்வேறு வழி சென்றதே அந்த வரலாற்றின் சுவை.

மலாயன் ஏர்வேஸ் என்னும் நிறுவனம் 1947ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு நகரங்களுக்குச் சிறு விமானத்தில் முறையான சேவையைத் தொடங்கியது. மலேசியா உருவானதும் அது மலேசியன் ஏர்வேஸ் ஆயிற்று. பின்னர் 1966இல் மலேசியா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆயிற்று. இரு நாடுகளின் நோக்கங்களும் வேறாயின. ஒன்றுக்கு உலக நகரங்கள் வேண்டியிருந்தன. மற்றொன்றுக்குச் சபாவையும் சரவாக்கையும் தீபகற்பத்தோடு இணைக்கும் கடமை இருந்தது. 1972ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சிங்கப்பூர் ஏர்லைன்சும், மலேசியன் ஏர்லைன் சிஸ்டமும் தனித்தனியே பறக்கத் தொடங்கின. பாகப் பிரிவினையில் போயிங் தாரை விமானங்கள் சிங்கப்பூருக்குச் சென்றன. ஃபோக்கர் எஃப்27 முதலிய சிறு விமானங்கள் மலேசியாவின் பங்காயின. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில் ஒருவனுக்கு வண்டியும் மற்றொருவனுக்கு வயலும் வருவதைப் போன்றது அது. சிங்கப்பூருக்கு வயல் இல்லை. வெளிநாட்டுக்குப் பறந்தாலன்றி அந்நிறுவனத்துக்கு வாழ்வில்லை என்னும் நிலை அன்றே உறுதியாயிற்று.

அதே 1972இல்தான் பினாங்கின் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப மண்டலம் தொடங்கப்பெற்று, அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் வந்திறங்கின. ஈயமும் இரப்பரும் கப்பலில் செல்வன. கையளவு பெட்டியில் ஆயிரக்கணக்கான வெள்ளி மதிப்பை அடக்கிய நுண்சில்லு கப்பலுக்குக் காத்திராது. மலேசியா வானூர்தியில் அனுப்பத்தக்க பண்டத்தைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது அக்காலத்திலிருந்தே எனலாம்.

சரக்கு விமானத்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். இல்லையேல் பின்வரும் வரலாறு பெயர்ப் பட்டியலாகிவிடும்.

முதலாவது, சுமையின் இயல்பு. ஜொகூரில் வளரும் மீன்களை நீர் நிரம்பிய பைகளில் அடைத்து அனுப்புகின்றனர். நீர் கனமானது, விமானத்தில் இடம் மிஞ்சியிருக்கையிலேயே எடை வரம்பு முடிந்துபோகும். தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வரும் மல்லிகைப் பெட்டியோ எடையற்றது. எடை மிஞ்சியிருக்கையிலேயே இடம் நிறைந்துவிடும். ஆகவே வானூர்திச் சரக்குத் துறையில் ஆறு கன மீட்டர் இடத்தை ஒரு டன் எடைக்கு ஒப்பாக வைத்துக் கட்டணம் கணக்கிடுவது வழக்கம். விமானம் தூக்கும் எடையை மட்டும் பார்த்து வாங்கியவன், பூப்பெட்டிகளை ஏற்றும் வழித்தடத்தில் பாதி வலிமையை வீணாக்குவான்.

இரண்டாவது, விமானத்தின் அகவை. இதனை ஆண்டுக் கணக்கில் மட்டும் அளப்பது போதாது. விமானம் உயரே ஏறும்போது உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் அதன் உடல் சிறிதே உப்புகிறது. இறங்கும்போது பழைய நிலைக்கு வருகிறது. ஒரு பறப்புக்கு ஒருமுறை. ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் எவ்வாறு இற்றுப்போகுமோ அவ்வாறே விமானத்தின் தகடும் சோர்வடைகிறது. 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோகா நிறுவனத்தின் போயிங் 737-200 பயணி விமானமொன்றின் முன்புற மேற்கூரை நடுவானில் பிய்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் அரிதின் முயன்று எஞ்சியோரைத் தரையிறக்கினர். அவ்விமானத்தின் அகவை 19 ஆண்டுகளே. ஆனால் குறுந்தொலைவுச் சேவையில் அது 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. உப்புக் காற்றும் அதன் இணைப்புகளை அரித்திருந்தது. தீவுகளும் கடற்காற்றும் நிறைந்த இவ்வட்டாரத்தினர் நன்கு படிக்க வேண்டிய செய்தி அது.

மூன்றாவது, ஒருநாளில் எத்தனை மணி நேரம் பறக்கப் போகிறது என்பது. பழைய விமானம் விலை குறைவு. எரிபொருளும் பழுதுபார்ப்பும் மிகுதி. புதிய விமானம் அதற்கு எதிர். இரவில் மூன்று நான்கு மணி நேரம் மட்டுமே பறந்து பகலெல்லாம் நிற்கும் அஞ்சல் விமானத்துக்குப் பழையதே ஏற்றது. அது குடிக்கும் எண்ணெய் குறைவு. நாளில் பதினான்கு மணி நேரம் கடல்களைக் கடக்கும் விமானம் பழையதாயின், மலிவாக வாங்கிய இலாபத்தை எண்ணெய்ச் செலவே விழுங்கிவிடும். வாங்கும் விலையைக் கண்டு மயங்கியவர் பலர் இந்த மூன்றாவது கணக்கில்தான் வழுக்கி விழுந்தனர்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது அரசர்க்காக. விமானம் வாங்குவோர்க்கும் அவ்வரிசை பொருந்துகிறது என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம், மாணவர் மறக்கமாட்டார்.

இனி வரலாறு. நீண்டதொலைவுச் சரக்குப் போக்குவரத்தில் நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கோலோச்சியது போயிங் 747. அது 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் முதலில் பறந்தது. ஒலியை விஞ்சும் விமானங்கள் விரைவில் பயணிகளையெல்லாம் கவர்ந்துகொள்ளும், அப்போது 747 சரக்குச் சுமக்கப் போய்விடும் என்று அதனை வடிவமைத்தோர் எண்ணினர். அதற்காகவே விமானியறையை மேல்மாடத்தில் ஏற்றி, மூக்கைத் தூக்கித் திறந்து நேரே சுமையை உள்ளே தள்ளுமாறு அமைத்தனர். ஒலியை விஞ்சும் விமானம் பற்றிய கணிப்பு பொய்த்தது. சரக்குக்காகச் செய்த ஏற்பாடோ நிலைத்தது. அதன் நெற்றி மேட்டைக் கண்டு மகிழும் சிறுவர்க்கு அது சரக்குக்காக எழுந்த மேடு என்பது தெரியாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1994இல் 747-400 வகைச் சரக்கு விமானத்தைப் பெற்றுக்கொண்டது. அவ்வகைக்கு 'மெகா ஆர்க்' எனப் பெயரிட்டது. பழைய 747-200க்கு விமானிகள் இருவரோடு இயந்திரங்களைக் கவனிக்கும் மூன்றாமவர் ஒருவரும் வேண்டும். புதியதற்கு இருவர் போதும். சுமை ஏறத்தாழ 110 டன். மேல்தளத்தில் 30 சுமைத் தட்டுகள் வைக்கலாம். 2001இல் சரக்குப் பிரிவைத் தனி நிறுவனமாக்கியது. ஒருகாலத்தில் பத்துக்கும் மேற்பட்ட இத்தகைய விமானங்களை அது இயக்கியது. பின்னர் எண்ணெய் விலை ஏற்றமும் வாணிபச் சரிவும் வந்தபோது சிறிது சிறிதாகக் குறைத்து ஏழில் நிறுத்தியது. 2018இல் சரக்கு நிறுவனத்தையும் மீண்டும் தாய் நிறுவனத்தோடு சேர்த்துக்கொண்டது. ஒரே வகையை வைத்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் குறைத்தது அதன் போக்கு.

மலேசியாவின் சரக்குப் பிரிவாகிய மாஸ்கார்கோ வேறு வழி சென்றது. 2000ஆம் ஆண்டுகளில் அது பழைய 747-200 சரக்கு விமானங்களை ஐஸ்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து விமானிகளோடு சேர்த்து வாடகைக்குப் பெற்றுப் பறந்தது. வாடகை வண்டிக்குரிய நன்மை அதற்கு உண்டு: வேண்டாதபோது திருப்பி அனுப்பலாம். தீமையும் உண்டு: பழைய விமானத்தின் எண்ணெய்ப் பசியை வாடகைக்கு எடுத்தவரே ஆற்ற வேண்டும். 2006இல் மாஸ்கார்கோ இரண்டு புதிய 747-400 சரக்கு விமானங்களைப் பெற்றது. 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 அமெரிக்க டாலர் வரை ஏறியது. நான்கு பழைய இயந்திரங்களோடு பறந்த 747-200க்கு அதன்பின் உலகில் இடம் சுருங்கிற்று.

அடுத்த தேர்வு ஏர்பஸ் ஏ330-200 சரக்கு விமானம். நான்கு விமானங்கள், முதலாவது 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்து சேர்ந்தது. இரு இயந்திரங்கள், சுமை 65 முதல் 70 டன். ஆசிய நகரங்களுக்கிடையே 747ஐ நிரப்ப இயலாத வழித்தடங்களுக்கு அது அளவானதாகவே தோன்றிற்று. அவ்விமானத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஏ330 தரையில் நிற்கையில் மூக்கு சற்றே தாழ்ந்திருக்கும். பயணிகளுக்கு அது தெரியாது. சுமைத் தட்டுகளுக்கோ தெரியும். உருளைகளின் மேல் அவை முன்னோக்கி உருளப் பார்க்கும், ஏற்றுவோர் மேட்டில் தள்ள வேண்டிவரும். ஆகவே முன்சக்கரக் காலைத் தாழ இறக்கிப் பொருத்தி, அக்கால் மடங்கி அடங்குவதற்கென மூக்கின் கீழே ஒரு புடைப்பையும் அமைத்தனர். தாடையில் கட்டி வந்தாற்போலத் தோன்றும் அப்புடைப்பே இவ்வகையின் அடையாளம்.

நன்கு எண்ணிச் செய்யப்பெற்ற விமானம்தான். ஆயினும் உலகச் சந்தை அதனை ஏற்கவில்லை. 38 விமானங்களோடு அதன் உற்பத்தி நின்றது. காரணம் தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஏ330-300, போயிங் 777 போன்ற பயணி விமானங்களின் வயிற்றறை மிகப் பெரிது. பயணிகள் மேலே அமர்ந்திருக்க, கீழே பல டன் சரக்கு செல்லும். பயணி விமானம் எப்படியும் பறக்கும். அதன் வயிற்றில் ஏறும் பண்டத்துக்குக் கட்டணம் மலிவு. மல்லிகையும் கறிவேப்பிலையும் திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரும்பாலும் அவ்வாறே வருகின்றன. நடுத்தரச் சரக்கு விமானத்துக்குப் போட்டி, அதே நிறுவனத்தின் பயணி விமானமே ஆயிற்று. தன் வீட்டுப் பிள்ளையோடு தானே போட்டியிட்ட கதை இது. 2014இல் மலேசியா ஏர்லைன்ஸ் அடுத்தடுத்து இரு பெருந்துயரங்களைச் சந்தித்தது. 2015 செப்டம்பரில் புதிய நிறுவனமாகச் சீரமைக்கப்பெற்றது. அச்சீரமைப்பின் தொடர்ச்சியாக 747கள் நீங்கின. சரக்குக்கென ஏ330 மட்டுமே எஞ்சிற்று.

பழைய விமானத்தை உரிய காலத்தில் உரிய முறையில் விலக்காவிடின் நேர்வது என்ன என்பதற்கு அவ்வாண்டிலேயே ஒரு காட்சி கிடைத்தது. 2015 டிசம்பரில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தார் நாளிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர். ஐஸ்லாந்துப் பதிவெண் தாங்கிய மூன்று 747-200 விமானங்கள் நிலையத்தில் கிடக்கின்றன. உரிமையாளர் 14 நாள்களுக்குள் வந்து எடுத்துச் செல்ல வேண்டும். இல்லையேல் விற்றுக் கட்டணப் பாக்கியை ஈடு செய்வோம் என்பது அதன் சாரம். காணாமற்போன ஆட்டுக்கோ மிதிவண்டிக்கோ வரும் அறிவிப்பைப் போல, மலையொத்த மூன்று விமானங்களுக்கு வந்த அவ்வறிவிப்பைக் கண்டு உலக நாளிதழ்கள் நகைத்தன. நகைப்பதற்குரியதுதான். ஆனால் ஒருகாலத்தில் கண்டங்களை இணைத்த விமானம் நிறுத்துமிடக் கட்டணத்துக்கும் பெறாத பொருளாகிவிட்டது என்பதையும் அது காட்டிற்று.

இதனினும் கசப்பான வரலாறு சுபாங்கில் நிகழ்ந்தது. டிரான்ஸ்மைல் என்னும் சரக்கு நிறுவனம் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கே தோன்றிற்று. சபா, சரவாக் மாநிலங்களுக்கு அஞ்சற்பொதிகளைச் சுமந்தது. 737-200, 727-200 ஆகிய பழைய விமானங்களே அதன் கருவிகள். பதினைந்து டன்னும் இருபத்தைந்து டன்னும் தூக்கும் அவ்விமானங்கள் இரவுதோறும் தென்சீனக் கடலைக் கடந்து விடியுமுன் திரும்பும். குறைந்த மணி நேரம், மலிவான விமானம், உறுதியான சுமை. மேலே கூறிய மூன்றாவது கணக்குக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. நிறுவனம் வளர்ந்தது, பங்குச் சந்தையில் போற்றப்பட்டது.

2005 வாக்கில் அது எம்டி-11 வகை விமானங்களை வாங்கத் தொடங்கியது, மொத்தம் நான்கு. மூன்று இயந்திரங்கள் கொண்ட அவ்விமானம் 90 டன் அளவு சுமக்கும். பசிபிக் பெருங்கடலைக் கடக்கும். அதன் உற்பத்தியோ 2000ஆம் ஆண்டிலேயே நின்றிருந்தது. உலகில் செய்யப்பெற்றவை 200 மட்டுமே. இருபத்தைந்து டன் சுமந்து பழகிய நிறுவனம் தொண்ணூறு டன்னை நாள்தோறும் நிரப்பியாக வேண்டிய நிலைக்குத் தாவிற்று. 2007இல் சிறப்புத் தணிக்கை ஒன்று, அதன் கணக்கேடுகளில் 2004 முதல் 2006 வரையிலான வருவாய் 600 மில்லியன் வெள்ளிக்கு மேல் மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்ததை வெளிப்படுத்திற்று. முதலிட்டோர் இழந்தனர், வழக்குகள் நடந்தன, 2011இல் நிறுவனம் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கணக்கு மோசடிக்கு விமானம் காரணமாகாது, மனிதரே காரணம். எனினும் சுமையின் அளவை மீறிச் சிறகை விரித்த ஆசையும் பொய்க் கணக்கும் ஒரே கூரையின் கீழ் ஒரே காலத்தில் வளர்ந்தன என்பதை வரலாறு எழுதுவோர் விட்டுவிட இயலாது.

அந்நிறுவனம் 2014இல் ராயா ஏர்வேஸ் எனப் பெயர் மாறிப் பிழைத்தெழுந்தது. பழைய 727களுக்கு மாற்றாகப் பயணி விமானங்களிலிருந்து திருத்தியமைத்த போயிங் 767, பின்னர் ஏர்பஸ் ஏ321 ஆகியவற்றைத் தேர்ந்தது. தென்சீனக் கடலுக்கு அளவான சிறகுக்கு அது திரும்பிவிட்டது. எம்டி-11இன் கதையோ வேறிடத்தில் முடிந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் லூயிவில் நகரில் யுபிஎஸ் நிறுவனத்தின் எம்டி-11 சரக்கு விமானம் ஓடுபாதையை விட்டெழும்போது இடப்பக்க இயந்திரம் கழன்று, விமானம் வீழ்ந்து எரிந்தது. விமானியர் மூவரும் தரையிலிருந்தோர் பலரும் மாண்டனர். 1991இல் செய்யப்பெற்ற விமானம் அது. அதன்பின் அமெரிக்க அரசு அவ்வகையனைத்தையும் பறக்கவிடாமல் நிறுத்திற்று. சரக்கு முணுமுணுப்பதில்லை; ஆயினும் சரக்கு விமானத்தின் முன்னறையில் மனிதர் இருக்கின்றனர், அது பறக்கும் வழியின் கீழே ஊர்கள் இருக்கின்றன.

அளவறிந்து மாற்றிய நிறுவனம் ஒன்றைக் காண வேண்டின் சென்னைக்குச் செல்ல வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996இல் 737-200 சரக்கு விமானங்களோடு தொடங்கியது. பகலில் கடிதமும் பொதியும் திரட்டி, இரவில் சென்னை, பெங்களூரு, மும்பை, தில்லி, கொல்கத்தா நகரங்களுக்கிடையே பறந்து, காலையில் வீட்டு வாசலில் சேர்ப்பது அதன் தொழில். பொதி பெருகியபோது அது 2006இல் போயிங் 757-200ஐத் தேர்ந்தது. 757இன் உற்பத்தி அதற்கு முன்பே நின்றுவிட்டது, புதியது கிடைக்காது. ஆனால் பயணி நிறுவனங்கள் கைவிட்ட 757கள் மலிவாகக் கிடைத்தன. பதினைந்து டன்னிலிருந்து இருபத்தேழு டன் அளவுக்கு ஒரு படி மட்டும் ஏறினால் போதும். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2023இல், திருத்தியமைத்த 737-800 விமானங்கள் இரண்டைச் சேர்த்தது. இது 757ஐவிடச் சிறிது. சிறு நகரங்களுக்கு ஏற்றது. ஒரே நாளில் பழையவற்றைத் தள்ளிவிட்டுப் புதியவற்றைக் கொணராமல், பழையதன் அருகே புதியதை நிறுத்தி, வழித்தடம் வழித்தடமாக மாற்றும் முறை அது. பரபரப்பில்லாத இத்தகைய செய்தி நாளிதழின் முதற்பக்கத்துக்கு வருவதில்லை.

மீண்டும் நீரிணைக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டன. ஜொகூர்க் கடற்பாலத்தில் நாள்தோறும் கடந்த மக்கள் வெள்ளம் நின்றது. சரக்கு லாரிகள் மட்டும் சென்றுகொண்டிருந்தன. 1923இன் அந்த இரு கிழமை மீண்டும் வந்தாற்போல இருந்தது. வானிலும் அதே நிலை. உலக வானூர்திச் சரக்கில் ஏறத்தாழப் பாதி பயணி விமானங்களின் வயிற்றறையில் செல்வது. அவ்வறை ஒரே திங்களில் மறைந்தது. முகக்கவசமும் மருந்தும் பயணி இருக்கைகளின் மேலேயே கட்டி அனுப்பப்பட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயணிகளின்றித் தவித்த அவ்வாண்டில் அதன் வருவாயில் பெரும்பங்கு சரக்கிலிருந்தே வந்தது. முன்பு குறைத்துக் குறைத்து நிறுத்திய ஏழு 747களும் வீட்டைக் காத்த மூத்த பிள்ளைகளாயின.

எனினும் அவற்றின் முதுமை மறையவில்லை. நான்கு இயந்திரங்கள், நான்கு மடங்கு பழுதுபார்ப்பு. 2021 டிசம்பரில் அந்நிறுவனம் ஏர்பஸ் ஏ350 சரக்கு விமானம் ஏழனை வாங்க இசைந்தது. 2022 பிப்ரவரியில் சிங்கப்பூர் விமானக் கண்காட்சியின்போது அதனை உறுதிப்படுத்தியது. மேலும் ஐந்துக்கு உரிமை வைத்துக்கொண்டது. அதற்கு ஈடாகத் தான் முன்பு பதிந்திருந்த பதினைந்து ஏ320 நியோ, இரண்டு ஏ350-900 பயணி விமானங்களை விட்டுக்கொடுத்தது. போயிங் நிறுவனம் தன் போட்டி விமானமாகிய 777-8 சரக்கு வகையை அறிவித்தது 2022 ஜனவரி இறுதியில். ஒரு திங்கள் முந்திக்கொண்டு சிங்கப்பூர் முடிவெடுத்துவிட்டது.

அம்முடிவின் கணக்கு தெளிவானது. ஏ350 பயணி விமானங்கள் ஐம்பதுக்கு மேல் அதனிடம் ஏற்கெனவே இருந்தன. விமானியர், பொறியாளர், உதிரிப் பாகங்கள் எல்லாம் பொது. மேல்தளத்தில் 747ஐப் போலவே 30 சுமைத் தட்டுகள். சுமை 111 டன். எரிபொருள் 747-400ஐவிட நாற்பது விழுக்காடு வரை குறையும் என்பது செய்தவர் கூற்று. செய்தவர் கூற்றைச் சிறிது கழித்தே கொள்ள வேண்டுமாயினும், நான்கு இயந்திரம் இரண்டாவதன் ஆதாயம் மறுக்கவியலாதது. மற்றொரு காரணமும் உண்டு. அனைத்துலக வானூர்திக் கழகத்தின் கரிம வெளியேற்ற நெறி 2028 முதல் புதிதாகச் செய்யப்படும் விமானங்களைக் கட்டுப்படுத்தும். பழைய வடிவ 777 சரக்கு விமானத்தை அதன்பின் வழக்கம்போல் செய்ய இயலாது. அந்த 777 வகையைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முற்றும் ஒதுக்கவுமில்லை. டிஎச்எல் நிறுவனத்துக்காக 2022 முதல் ஐந்து 777 சரக்கு விமானங்களை அதன் விமானியர் இயக்கத் தொடங்கினர். விமானத்தின் விலை டிஎச்எல் பொறுப்பு. பிறர் வண்டியை ஓட்டிக் கூலி பெறும் அவ்வேற்பாட்டில் கணக்கறிந்த வணிகனின் கை தெரிகிறது.

ஒன்றை மட்டும் இழக்க வேண்டும். ஏ350க்கும் 777க்கும் மூக்குக் கதவு இல்லை. பக்கக் கதவு மட்டுமே. எண்ணெய்த் துரப்பணக் குழாய் போன்ற நீண்ட பொருள்கள் 747இன் மூக்கு வழியே நேராக நுழைவன; இனி அவற்றுக்கு வேறு வழி தேட வேண்டும். 747இன் கடைசி விமானம் 2023ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அட்லஸ் ஏர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவும் ஒரு சரக்கு விமானமே. அரை நூற்றாண்டுக்கு முன் அதன் நெற்றியை மேலே தூக்கி வைத்தவர்கள் எதிர்பார்த்த முடிவுதான்.

ஏ350 சரக்கு விமானம் 2025இல் வரும் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் 2026 என்றனர். 2025 பிப்ரவரியில் ஏர்பஸ் நிறுவனம் 2027ஆம் ஆண்டின் பிற்பகுதி என்று அறிவித்தது. விமானத்தைத் தேர்ந்தெடுத்தவர் கையில் நாட்காட்டி இல்லை. செய்பவர் கையிலேயே அது இருக்கிறது. அந்தத் தாமதத்தின் சுமையையும் இருபது அகவையைக் கடந்த ஏழு 747களே சுமக்க வேண்டியதாயிற்று.